மேற்குக் காற்றில் விழுந்தவர்

எங்கள் மாவட்டத்தில் நவம்பர் பதினைந்தாம் தேதி யாரும் சாகக்கூடாது. பாதிரியார் கிடைக்க மாட்டார், டாக்டர் கிடைக்க மாட்டார், குழி வெட்டுகிறவனும் கிடைக்க மாட்டான். அன்றைக்குத்தான் மான் வேட்டையில் துப்பாக்கி சீசன் ஆரம்பம். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. பிள்ளைகள் காட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதற்காக அல்ல, வாத்தியார்கள் போய்விடுவார்கள் என்பதற்காக.

ஆகவே பதினான்காம் தேதி காலையில் ஷெரீஃப் டன்லப் ஒரு முடிவுக்கு வந்தார். கைவசம் இருக்கிற ஒரே வழக்கை இருட்டுவதற்குள் முடித்து, மார்லிஸைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, நிம்மதியாகக் காட்டுக்குப் போவது. குற்றவாளி அவள்தானா என்ற சின்ன விஷயத்தைச் சீசன் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார் போல.

மார்லிஸ் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் என்றால், தூண்டில் புழு விற்கிற கடைக்கு மாடி. கீழேயிருந்து வருகிற வாசனையிலேயே பாதிப் பேர் மாடிப்படியோடு திரும்பிவிடுவார்கள். என் முதலாளி இர்மா லாட்டிக்கு மூக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. மற்றதெல்லாம் கூர்மை. முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார், இப்போது சொந்தமாகப் பிடிக்கிறார். நான் டெல்மர், அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவேன், காபி போடுவேன், கேட்காதபோது கருத்துச் சொல்வேன்.

“முதல்லேர்ந்து சொல்லு” என்றார் இர்மா.

“ஹார்யு அண்ணன் தம்பியோட எண்பது ஏக்கர் தெரியுமில்ல அக்கா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த மரத்தையெல்லாம் வெட்டி வித்தாங்க. அதுக்கப்புறம் அது பாட்டுக்கு மண்டிப் போச்சு.”

மண்டிப் போச்சு என்று அவள் சொன்னது மரியாதைக்கு. எனக்கு அந்த நிலத்தைத் தெரியும். ராஸ்பெர்ரி முள்ளும், கம்பு கம்பாய் நெருக்கியடித்து எழுந்த ஆஸ்பன் கன்றுகளும், லாரியில் ஏறாமல் விட்டுப்போன கிளைக் குவியலும் சேர்ந்து, உள்ளே போகிறவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அந்த நிலத்தை மானுக்கேற்றபடி சரிசெய்து கொடுப்பதுதான் மார்லிஸின் தொழில்.

“காடு மண்டினா மானுக்கு நல்லதுதானே? அதுல நீ போய் என்னத்த சரி பண்றே?” என்றேன்.

“கொஞ்ச வருஷத்துக்கு நல்லது. அப்புறம் கிளையெல்லாம் மேல போயிடும், மானோட வாய்க்கு எட்டாது. கீழ நிழல் கட்டி ஒண்ணும் முளைக்காது. மான் பக்கத்து நிலத்துக்குக் குடி போயிடும். அதான் மரத்தைப் பாதி மட்டும் அறுத்துச் சாய்ச்சு விடுறது. சாகாது. படுத்தபடியே துளிர்க்கும். மானுக்குச் சாப்பாடும் ஆச்சு, படுக்க மறைவும் ஆச்சு.”

“எனக்குக்கூட அப்படி ஒரு வீடு கிடைச்சா தேவலை.”

“டெல்மர்” என்றார் இர்மா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மார்லிஸ் மேலே சொன்னாள். மரம் அடுக்குகிற பழைய களத்தில் மான் தின்கிற க்ளோவர் புல் விதைத்திருக்கிறாள். வண்டித்தடத்தையெல்லாம் சத்தமில்லாமல் நடக்கிற பாதையாக வெட்டிவிட்டிருக்கிறாள். மேலே உட்கார்ந்து வேட்டையாட மரத்தில் ஏணிப் பரண் சாத்தி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறாள். நிலத்தின் நடுவில், அடர்த்தி என்று அவர்கள் சொல்கிற நெருக்கமான காட்டை மட்டும் மார்ச் மாதம், பனிமேல் நின்று அறுத்துச் சாய்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

“அதுக்கப்புறம் அதுக்குள்ள யாரும் காலை வைக்கக் கூடாது. வச்சா மான் பயந்து வேற இடத்துக்குப் போயிடும். ஆர்விட்டும் வில்பர்ட்டும் அவங்க அப்பா துப்பாக்கி மேல கைய வச்சு சத்தியம் பண்ணாங்க. துப்பாக்கி சீசன் முதல் நாள் விடியறதுக்கு முன்னாடி எவன் உள்ள போறானோ, அவன் சீசன் முழுக்க வீட்டுல உக்காரணும்.”

“அதுக்குள்ள யாரு இருக்கா, அவ்வளவு பெரிய ஆளு?” என்றார் இர்மா.

“பிஷப்” என்றாள். அவளுக்கே குரல் தாழ்ந்துவிட்டது.

பிஷப் என்பது ஒரு பெரிய கொம்பு மான். கேமராவில் விழுந்த அதன் படத்தை ஆர்விட் பர்ஸில் வைத்திருக்கிறார். அந்த பர்ஸில் பெண்டாட்டி படம் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மற்றது ஊருக்கே தெரிந்ததுதான். நாலு நாளைக்கு முன், வில் வேட்டை சீசனின் கடைசி வாரத்தில், தம்பி வில்பர்ட் களத்துப் பரணுக்கு அடியில் கணுக்கால் உடைந்து கிடந்தார். பரணின் பெல்ட்டைக் கத்தியால் அறுத்திருந்தது. கட்டியது மார்லிஸ். அது போதாதென்று, ஆகஸ்ட் மாதம் ஹோட்டலில் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, ‘ஒருநாள் இல்ல ஒருநாள் விழுந்து கிடக்கப் போறீங்க’ என்று கத்தியிருக்கிறாள்.

“இடுப்புல பாதுகாப்புக் கயிறு போடாம ஏறினார் அக்கா. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற மனுஷன்! அந்தக் கோபத்துல கத்தினேன். ஷெரீஃப் அதை மிரட்டல்ங்கிறார்.”

“பயமா இருக்கா?”

“ஜெயில் கூட பரவாயில்ல. இந்த நாலு நாள்ல, நான் கட்டின பெல்ட்டையெல்லாம் அவனவன் அறுத்துப் போட்டுட்டான். என் கை பட்டதுல ஏற மாட்டாங்களாம்.” அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். “எனக்கு வேற தொழில் தெரியாது.”

இர்மா எழுந்து ஜன்னலைத் திறந்தார். பிறகு, “அந்தக் களத்துப் பரண் எந்தக் காத்துக்குக் கட்டினது?” என்றார்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி. எந்தப் பரணும் எல்லாக் காற்றுக்கும் ஆகாது. மனிதவாடை மானிருக்கிற பக்கம் போகாதபடி காற்று அடித்தால்தான் ஏறலாம்.

“கிழக்குக் காத்துக்கு. களம் மேற்கு ஓரத்துல இருக்கு, அடர்த்தி அதுக்குக் கிழக்க. மேற்கேர்ந்து அடிச்சா வாடை நேரா பிஷப் மூக்குலதான் போய் ஏறும். வில்பர்ட்டே அதைப் படிச்சுப் படிச்சு சொன்னார்.”

“நீ இங்கேயே இரு. ஷெரீஃப் வந்தா காபி குடு” என்று இர்மா கோட்டை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வில்பர்ட் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். விழுந்ததில் கீழ்ப் பல்செட்டும் போய்விட்டது. மோவாய் உள்ளே போய், முகம் பாதியாக இருந்தது. பக்கத்தில் நாற்காலியில் அண்ணன் ஆர்விட் ஒரு பெரிய பாஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட அந்த ரொட்டியின் வாசனை அறை முழுக்க நின்றது. பல்லில்லாத தம்பி எதிரே உட்கார்ந்து அதை அவ்வளவு நிதானமாகச் சாப்பிட, கூடப்பிறந்தவனால்தான் முடியும்.

“எப்படி விழுந்தீங்க?” இர்மா கேட்டார்.

“மல்லாக்க. கீழ் பெல்ட் விட்டுச்சு, ஏணி ஆடுச்சு, அவ்வளவுதான். க்ளோவர் மேல மல்லாக்கப் போய் விழுந்தேன்.”

“பல்லு?”

“அங்கதான் தெறிச்சிருக்கும்.”

“விழுந்த பிறகு?”

“அசையவே முடியலம்மா. விழுந்தது விழுந்தபடி கிடந்தேன். போன் பண்ணேன், அண்ணன் வந்தார்.”

“பாவம், கொம்பு இல்லாத பொட்டை மான் மாதிரி கிடந்தான்” என்றார் அண்ணன், பாசத்தோடு.

“மார்லிஸ்தான் அறுத்தான்னு நினைக்கிறீங்களா?”

வில்பர்ட் சூப்பைக் கலக்கினார். “நான் எங்க சொன்னேன்? ஷெரீஃப் சொன்னார்.”

இர்மா கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் பையை இழுத்து, அன்றைக்கு வில்பர்ட் போட்டிருந்த கம்பளிக் கோட்டை எடுத்து விரித்தார். என் கையில் கொடுத்தார். கொடுத்ததும் அது என் ஸ்வெட்டரோடு ஒட்டிக்கொண்டது. முழங்கை, மார்பு, வயிறு எல்லாம் ஒட்டு விதைகள். ஒன்றைப் பிடுங்கினால் விரலில் ஒட்டிக்கொண்டது, விரலிலிருந்து பிடுங்கினால் அடுத்த விரல்.

“இதுல என்ன பாஸ் இருக்கு?” என்றேன், வெளியே வந்ததும், இன்னும் பிடுங்கிக்கொண்டே.

“முன்பக்கம் இருக்கு, பின்பக்கம் ஒண்ணுகூட இல்ல. மல்லாக்க விழுந்த மனுஷனுக்கு முதுகுலதானே ஒட்டியிருக்கணும்?”

“ஒருவேளை அந்த விதைங்களுக்கும் மூஞ்சியைப் பாத்துப் பேசுறதுதான் பிடிக்குமோ என்னமோ.”

களத்துக்குப் போகிற பாதையில் மார்லிஸின் கை தெரிந்தது. ஒரு முள் இல்லை, காலில் சுள்ளி படவில்லை. க்ளோவரைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தாள். என் ஸ்வெட்டரில் இருந்தவற்றைத் தவிர, அந்தக் களத்தில் ஒட்டு விதை என்று ஒன்று கிடையாது.

“பல்லைத் தேடு” என்றார் இர்மா.

படித்துப் பட்டம் வாங்கியவன் நான். முட்டி போட்டு, நாலு காலில் அந்தக் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மான் புழுக்கை கிடைத்தது, யாரோ தொலைத்த ஒரு பொத்தான் கிடைத்தது. பல் கிடைக்கவில்லை.

“மான் எடுத்து மாட்டிட்டுப் போயிருக்கும் பாஸ். அதுக்கும் இப்போ நல்ல சாப்பாடு.”

அவர் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரண் ஆடாமல் அசையாமல் மரத்தோடு நின்றது. மேல் பெல்ட் மார்லிஸ் கட்டினபடி இறுக்கமாக இருந்தது. என் முட்டி உயரத்தில் இருந்த கீழ் பெல்ட் மட்டும்தான் அறுந்திருந்தது.

“டெல்மர், ஒருத்தனைக் கீழ தள்ளணும்னு நினைச்சா நீ எதை அறுப்பே?”

“மேல் பெல்ட்டை. கீழதை அறுத்தா ஏணி லேசா ஆடும், அவன் என்னைத் திட்டுவான், அவ்வளவுதான்.”

“அப்போ கீழதை யாரு அறுப்பா?”

“சோம்பேறி.”

“இல்லேன்னா, மேல ஏற முடியாதவன்” என்றார் இர்மா. அவர் முகத்தில் பொய்யனைக் கண்டுகொண்ட அந்தப் பழைய இன்ஷூரன்ஸ் சந்தோஷம் வந்துவிட்டது. “அவர் விழுந்த அன்னைக்குக் காலையில உன் குப்பைத்தொட்டி மூடி பறந்து போச்சே, எந்தப் பக்கம்?”

“கிழக்க. எதிர் வீட்டுக்காரி தோட்டத்துல போய் விழுந்துது. இன்னும் திருப்பித் தரல. மேற்குக் காத்து அப்படி அடிச்...” நான் நிறுத்தினேன்.



வில்பர்ட் ஹார்யு வேட்டைக்கு முந்தின வாரம் பூராவும் வாசனையில்லாத சோடா மாவில் குளிக்கிறவர். துணியை வாடை போக சீடர் மரக் கிளைகளுக்கு நடுவே தொங்கப்போடுகிறவர். மகள் கல்யாணத்துக்கே சென்ட் போட மாட்டேன் என்று தகராறு பண்ணினவர். அப்படிப்பட்ட மனிதர், மேற்குக் காற்று வீசுகிற காலையில், கிழக்கே பிஷப் படுத்திருக்கும்போது, இந்தப் பரணில் ஏறி உட்காருவாரா? கால் உடைந்தவர் பொய்யை நன்றாகத்தான் ஜோடித்தார், காற்றுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க மறந்துவிட்டார்.

“ஷெரீஃபுக்கு இது தோணலையே பாஸ்?”

“அவர் ஹீட்டரும் டி.வி.யும் வச்ச பெட்டிக்குள்ள உக்காந்து வேட்டையாடுறவர். அவருக்குக் காத்தே கிடையாது.” இர்மா கிழக்கே திரும்பினார். “அங்க பாரு. என்ன தெரியுது?”

அடர்த்தி தெரிந்தது. இலையெல்லாம் கொட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறம். மார்லிஸ் மார்ச்சில் பாதி அறுத்துச் சாய்த்த மரங்கள்கூட மற்ற மரங்களைப் போலவே கோடையில் துளிர்த்து, பருவத்தில் இலையைக் கொட்டிவிட்டிருந்தன. ஆனால் நடுவே ஒரு கோடு மட்டும் பழுப்பாக ஓடியது. அங்கே கிளைகளில் காய்ந்த இலை கொத்துக் கொத்தாக, விழாமல் தொங்கியது.

“அதுங்க மட்டும் ஏன் உதிரல?”

“இலையை உதிர்க்கறதுக்கு மரம் உயிரோட இருக்கணும் டெல்மர். பச்சையா இருக்கும்போதே கிளையை வெட்டிப் போட்டா, இலை அங்கேயே காஞ்சு தொங்கும். மார்ச்சுல வெட்டினா அப்போ இலையே கிடையாது. இது ஆகஸ்ட், செப்டம்பர்ல யாரோ திருட்டுத்தனமா வெட்டின வழி. அம்பு தடங்கல் இல்லாம போகறதுக்கு.”

உள்ளே போனோம். சத்தியம் பண்ணினது அவர்கள்தானே, நாங்கள் இல்லை. முள் என் காதைக் கிழித்தது, கன்னத்தைக் கிழித்தது, போன மாதம் வாங்கின பேண்ட்டைக் கிழித்தது. இர்மா மட்டும் எப்படியோ ஒரு கீறல் இல்லாமல் முன்னால் போனார். வழி முடிகிற இடத்தில், ஒரு வளைந்த மேப்பிள் மரத்தில், பலகைத் துண்டுகளை ஆணியடித்து ஏணி மாதிரி பண்ணியிருந்தது. மேலே உட்கார ஒரு பலகை. மேலிருந்து இரண்டாவது படி ஒரு பக்கம் ஆணி பிடுங்கித் தொங்கியது.

அடியில் ராஸ்பெர்ரி புதர் நசுங்கிக் கிடந்தது. அங்கிருந்து யாரோ மார்பால் தேய்த்துக்கொண்டே போன தடம் களத்தைப் பார்த்துப் போயிற்று. நான் மறுபடி முட்டி போட்டேன். ஒரு வரிசைப் பல் இலைச்சருகுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

“பாஸ், வகுப்பெடுக்கிற வாத்தியார் இங்கேயும் கயிறு போடாமத்தான் ஏறியிருக்கார். கொக்கி மாட்ட ஒரு இடம்கூட இல்ல.”

அப்போது இர்மாவின் போன் அடித்தது. ஷெரீஃப்.

“மேடம், உங்க ஆபீஸ்லதான் நிக்கறேன். மார்லிஸைக் கைது பண்ணிட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கு நேரமாகுது.”

“நல்லது. காபி குடிச்சீங்களா? அப்படியே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. போற வழிதான்.”

நாங்கள் போனபோது அறையில் எல்லோரும் இருந்தார்கள். ஷெரீஃப் டன்லப் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, தலையிலிருந்து கால்வரை ஆரஞ்சு நிறத்தில், வேட்டை உடையில் நின்றார். மார்லிஸ் சுவரோரமாக, இரண்டு கையையும் முன்னால் சேர்த்துப் போட்ட விலங்கோடு நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. 

இர்மா கைக்குட்டையைப் பிரித்து, சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பல்செட்டை வைத்தார்.

“ஐயோ, கிடைச்சிடுச்சா!” என்று வில்பர்ட் கையை நீட்டினார். பாதியில் கை நின்றது. அது எங்கே கிடைத்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“களத்துல கிடைக்கல” என்றார் இர்மா. “அடர்த்திக்குள்ள, ஒரு திருட்டுப் பரணுக்கு அடியில கிடைச்சுது. அங்கேர்ந்து விழுந்து, களம் வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கீங்க. மேல ஏற முடியாம, உக்காந்தபடியே எட்டின பெல்ட்டைக் கத்தியால அறுத்துட்டு, அதுக்கப்புறம்தான் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கீங்க.”

வில்பர்ட் வாயைத் திறந்தார். அதற்குள் ஆர்விட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“சும்மா கதை விடாதீங்கம்மா! என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியும். அவன் சத்தியத்தை மீற மாட்டான். அதுக்குள்ள எவனும் காலடி வச்ச தடமே கிடையாது. நானே என் கண்ணால பாத்...”

 ஆர்விட்டின் கையிலிருந்த இரண்டாவது பாஸ்டி மெல்லக் கீழே இறங்கியது.

“எப்போ பாத்தீங்க?” என்றார் இர்மா.

“...அக்டோபர்ல.”

“வெளியே நின்னா உள்ள தடம் தெரியாதே.”

“சும்மா கிழக்கு ஓரமா. லேசா. ஒரே ஒரு பரண்.” ஆர்விட் உட்கார்ந்துவிட்டார். “சின்னதுதான்.”

“அண்ணே!” வில்பர்ட் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டின கால் ஆடியது. “அப்பா துப்பாக்கி மேல கை வச்சியே!”

“நீ மட்டும் காலையா வச்சே? நீயும் கையைத்தானேடா வச்சே!”

“நான் பிஷப்பைப் பாத்துட்டு வந்துடலாம்னுதான்...”

“நான் மட்டும் என்ன, பாவமன்னிப்பு கேட்கவா போனேன்?”

“போதும்” என்றார் இர்மா.  “மார்லிஸ் பேர் எப்படி இதுல வந்துது, வில்பர்ட்?”

வில்பர்ட் போர்வையின் ஓரத்தைத் திருகினார். “நான் முள்ளம்பன்றின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அது உப்புக்காக பெல்ட்டைக் கடிக்கும்ல. வகுப்பெடுக்கிறவன் சறுக்கி விழுந்தேன்னு சொன்னா ஊரே சிரிக்கும். அடர்த்திக்குள்ள போனேன்னு சொன்னா அண்ணன் சீசனையே பிடுங்கிடுவார். முள்ளம்பன்றின்னா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஷெரீஃப்தான், இது கத்தி, இது மார்லிஸ்னு ஆரம்பிச்சார்.”

“கத்தின்னு கரெக்டா கண்டுபிடிச்சேன் பாருங்க” என்றார் ஷெரீஃப். யாரும் பாராட்டவில்லை.

“ஆரம்பிச்சார். நீங்க?” என்றாள் மார்லிஸ். அந்த அறைக்கு வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. “நாலு நாளா நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

 வில்பர்ட் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? சூப் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய இன்னொரு காலையும் உடைத்துவிடலாம் போலிருந்தது. ஒரு மானைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததை மறைக்க ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்த மனிதர், வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கிறார்.

ஷெரீஃப் தொண்டையைச் செருமினார். “சரி, மார்லிஸ். உன் மேல ஒண்ணும் இல்ல. விலங்கைக் கழட்டிடறேன்.” ஆரஞ்சு பேண்ட்டின் எல்லாப் பைகளையும் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். முகம் மாறியது. “சாவி அந்த பேண்ட்டுல இருக்கு.”

“எந்த பேண்ட்டுல?”

“வீட்டுல கழட்டிப் போட்ட பேண்ட்டுல.”

“பிரமாதம்” என்றேன்.

“பொய் சொன்னதுக்கு வில்பர்ட் மேல கேஸ் போடலாம்” என்று ஷெரீஃப் பேச்சை மாற்றினார். “நீ சொல்லும்மா, போட்டுடறேன்.”

“கேஸ் வேணாம்” என்றாள் மார்லிஸ். “இன்னிக்கு ஊர் ஹால்ல சீசன் விருந்து நடக்குதுல்ல? ஊர் வேட்டைக்காரன் பூரா அங்கதான் இருப்பான். போன் போட்டு, மைக்குல வைக்கச் சொல்லுங்க. இவர் வாயாலேயே சொல்லணும். எங்க ஏறினார், எதை அறுத்தார், எல்லாம்.”

வில்பர்ட்டின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் போய்விட்டது. அண்ணனைப் பார்த்தார், ஷெரீஃபைப் பார்த்தார். பிறகு இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஷெரீஃபிடம் நீட்டினார்.

“என்னை உள்ள வச்சுடுங்க சார்.”

சத்தியமாக அப்படித்தான் செய்தார். கால் கட்டோடு, பல் இல்லாமல், ஜெயிலுக்கு ரெடி.

“விலங்கு ஒண்ணுதான் இருக்கு, அதுவும் அவ கையில இருக்கு” என்றார் ஷெரீஃப், நிஜமான வருத்தத்தோடு. ஹாலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கட்டில் மேல் வைத்தார்.

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம், பாட்டு, சிரிப்பு. ‘ஷெரீஃப் பேசறார், எல்லாரும் சும்மா இருங்கப்பா’ என்று யாரோ அதட்டினார்கள். வில்பர்ட் பல்செட்டை எடுத்து, போர்வையில் துடைத்து, வாயில் மாட்டிக்கொண்டார். கேவலப்படும்போதாவது வார்த்தை தெளிவாக வரட்டும் என்று நினைத்தார் போல. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

“நான் வில்பர்ட் ஹார்யு பேசறேன். மார்லிஸ் ஒண்ணும் பண்ணல. நான் அடர்த்திக்குள்ள திருட்டுப் பரண் போட்டேன். அதுலேர்ந்துதான் விழுந்தேன். கயிறு போடல. களத்துல இருந்த பெல்ட்டை நான்தான் அறுத்தேன். அவ கட்டின கட்டு... அவ கட்டின மேல் கட்டு இப்பவும் அப்படியே நிக்குது. அசையல.” கொஞ்சம் நிறுத்தினார். “அவ்வளவுதான். அண்ணனும் உள்ள போனார்.”

“டேய்!” என்றார் ஆர்விட்.

ஹாலில் பாட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். ஒரு கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிழட்டுக் குரல் கேட்டது: “அன்னைக்கு மேற்குக் காத்தாச்சே? களத்துப் பரண்லேர்ந்து விழுந்தான்னா அதை எப்படிய்யா நம்புனீங்க?”  அத்தனை வேட்டைக்காரர்கள் இருந்த ஹாலில் நாலு நாளாக ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. மார்லிஸ் மேல் பழி என்றதும் கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லாமல் போயிருந்தது.

பிறகு இன்னொரு குரல், கூச்சத்தோடு: “மார்லிஸ் அங்க இருக்காளா?”

“இருக்கேன்.”

“அம்மா, நான் ஒரு மடத்தனம் பண்ணிட்டேன். நீ கட்டின பெல்ட்டையெல்லாம் செவ்வாய்க்கிழமை அறுத்துப் போட்டுட்டேன். இப்போ பரண் சும்மா மரத்துல சாஞ்சு நிக்குது. விடிஞ்சா சீசன். நீ கொஞ்சம் வந்து...”

“எனக்கும்தான்” என்றது வேறொரு குரல். “எனக்கு ரெண்டு பரண்மா.” “எங்க வீட்டுக்காரர் கேக்கச் சொன்னார்.” ஒன்றின் மேல் ஒன்றாகக் குரல்கள் வந்தன. நாலு நாளாக அவள் கையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கியவர்கள், இப்போது அந்தக் கைக்கு வரிசையில் நின்றார்கள்.

மார்லிஸ் விலங்கு போட்ட இரண்டு கையாலும் போனை எடுத்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்க வழியில்லை. எல்லோரும் கேட்டு முடிக்கிறவரை கேட்டாள்.

“யார் யாரெல்லாம் அறுத்தீங்களோ, எல்லாரும் நாளைக்குத் தரையில நில்லுங்க” என்றாள். “சீசன் முடிஞ்சதும் வந்து கட்டித் தரேன். நாளைக்கு நானும் வேட்டைக்குப் போறேன்.”

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, இர்மாவைப் பார்த்தாள்.

“அக்கா, நான் காலையில சீக்கிரம் எழுந்திரிக்கணும். யாராவது போய் அந்த பேண்ட்டை எடுத்துட்டு வாங்க.”